மூன்றாவது சிலிண்டரும் முன்னாள் புருஷனும்

ரோஸ்வித்தா தன் புருஷன் ஓட்மாரை விட்டு விலகிப் பல வருஷம் ஆகிறது. அவனுடைய மெக்கானிக் கடையை மட்டும் அவளால் விட முடியவில்லை. விட்டால், மேட்டை விட்டு இறங்கிப் பட்டணம் வரை போக வேண்டும். அங்கே இருக்கும் கடையில் காரைப் பார்க்கும் முன்பு காப்பி கொடுப்பார்கள்; அந்தக் காப்பியின் விலையும் பில்லில் எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்பது அவளுடைய கணக்கு.

"புருஷன்னா வேற ஆள் கிடைப்பான், மெக்கானிக்குக்கு எங்க போறது?" என்று விவாகரத்து ஆன புதிதில் ரொட்டிக்கடையில் வைத்தே சொன்னாள். இந்த ஆல்ப் மேட்டுநிலத்து ஊர்களில் ரொட்டிக்கடையில் சொன்னால் தேவாலயத்து மணியை அடித்துச் சொன்னதற்குச் சமம். மதியத்துக்குள் ஓட்மாரின் பதில் வந்து சேர்ந்தது: "அந்த வீட்டுல என் பேச்சைக் கேட்டது கார் ஒண்ணுதான். தாராளமா அனுப்பச் சொல்லு."

ரோஸ்வித்தாவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைத் தொப்பி போட்ட திருச்சபைச் சகோதரிகளிடம் நர்ஸ் வேலை படித்தவள். அவர்கள் கற்றுக் கொடுத்தது சுருக்கமானது: முதலில் பார், பிறகு தொடு, பிறகு முகர்ந்து பார், பிறகு கேள். கருவிகளை எல்லாம் கடைசியில் தொடு. அதை வைத்துக்கொண்டு அவள் வாழ்நாள் முழுக்கப் பிழைத்துவிட்டாள். இப்போது ஊர்ப் பராமரிப்பு நிலையத்தில் வேலை. தினமும் காலையில் தன் பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு மேலே இருக்கும் பண்ணை வீடுகளுக்குப் போவாள். ஒரு வீட்டில் இன்சுலின் ஊசி, ஒரு வீட்டில் புண்ணுக்குக் கட்டு, ஒரு வீட்டில் காலுக்கு இறுக்கமான உறை மாட்டிவிட வேண்டும், எல்லா வீட்டிலும் திட்டு வாங்க வேண்டும். திரும்பித் திட்டவும் செய்வாள். அதனால்தான் அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. மூடுபனி. மேட்டுச் சாலையில் இரண்டாவது வளைவு ஏறும்போது கார் விக்கத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்னால் போகாமல் உடம்பை உலுக்கியது, மூன்று காலால் மலையேறும் மாடு மாதிரி. ஸ்டியரிங் நடுங்கியது. மருந்துப் பெட்டிக்குள் ஊசிகள் கலகலத்தன. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று மினுங்கியது. சைக்கிளில் போன தபால்காரர் அவளைத் தாண்டிப் போய், தாண்டியபின் தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு வைத்தார்.

முதல் வீட்டு ரூவோஃப் கிழவருக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும். ஊசி வராமல் அவர் சாப்பிடக் கூடாது. சாப்பிடாத ரூவோஃப் ஊருக்கே ஆபத்து. அவர் நேரே நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

அன்று நிலையத்தில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. செவ்வாய் மதியத்துக்கு மேல் கார் தானாகவே கொஞ்சம் சரியானது. ஆனாலும் ரோஸ்வித்தா தானாகச் சரியாகும் எதையும் நம்புகிறவள் அல்ல. புதன்கிழமை வேலை முடிந்ததும் ஓட்மாரின் கடையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஓட்மாரின் கடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெக்கானிக் கடை என்றால் எண்ணெய் சிந்தியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். தரையில் மாவு பிசையலாம். எங்கள் ஊர்களில் வாராவாரம் முறை வைத்து வாசலும் தெருவும் கூட்டுவது வழக்கம். யாருடைய முறையோ அவர்கள் கதவில் அட்டை தொங்கும். ஓட்மார் தன் வாரத்திலும் கூட்டுவான், அடுத்தவன் வாரத்திலும் கூட்டுவான். ரிப்பேருக்கு வந்த காரைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தால் அவனுக்குச் சோறு இறங்காது. மேல்பக்கம் மட்டுமல்ல, மூடியைத் திறந்து எஞ்சினுக்கும் சேர்த்து சோப்புப் போட்டுப் பீய்ச்சி அடிப்பான். ரோஸ்வித்தா அவனை விட்டதற்குக் காரணம் குடியோ பெண் சகவாசமோ இல்லை. ராத்திரி முழுக்க ஒரு சாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்து, "ஷூவைக் கழட்டு" என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அது பல வருஷம் நடந்தது. ஒருநாள் ஷூவைக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

"என்ன ரோஸ்லே, மரநாயா?" என்றான் ஓட்மார். விவாகரத்துக்குப் பிறகும் அவளை அந்தச் செல்லப் பெயரில்தான் கூப்பிடுவான். கார் மூடியை இன்னும் திறக்கவில்லை.

"தொறந்து பாத்துட்டுச் சொல்லேன்."

"பாக்க என்ன இருக்கு? குளிர் ஆரம்பிச்சாச்சு. அதுக்கும் சூடா ஒரு படுக்கை வேணும்ல?"

மரநாய் விஷயம் பொய்யில்லை. ராத்திரியில் எஞ்சின் சூட்டுக்கு உள்ளே புகுந்து படுக்கும். வேறொரு மரநாய் படுத்த வாடை அடித்தால் வெறி பிடித்து வயரை எல்லாம் கடித்துக் குதறும். அதனால் ஊரில் பாதிப் பேர் காருக்கு அடியில் கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து வைக்கிறார்கள். மீதிப் பேர் எஞ்சினுக்குப் பக்கத்தில் கக்கூஸ் வாசனைக் கட்டியோ, பழைய காலுறையில் நாய் முடியோ கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆனால் ஓட்மாருக்கு இது ஒரு மதம். அவன் கடையில் பெட்ரோல் தீர்ந்துபோய் நின்ற காருக்கும், மரநாய் குடித்துவிட்டதா என்று முதலில் பார்ப்பான்.

கருவியை எடுத்து மாட்டினான். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கிறது என்று அது சொன்னது. சரிபார்க்க, எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி அனுப்பும் இக்னிஷன் காயிலின் வயரையும் உருவி உருவி மாட்டினான். முதலாவதை உருவியதும் எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதற்கும் தடுமாறியது. மூன்றாவதை உருவினால் ஒரு மாற்றமும் இல்லை.

"சாப்பாட்டுத் தட்டைப் புடுங்கினா எவன் சத்தம் போடலையோ அவன்தான் சீக்காளி," என்றாள் ரோஸ்வித்தா. "வார்டுலயும் இப்படித்தான் கண்டுபிடிப்போம்."

"அதேதான்."

"சரி, சீக்காளி யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சீக்கு என்ன?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன்." ஓட்மார் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தான். "ஆங்! பாரு! பல்லு!"

மூன்றாவது காயிலுக்குப் போகும் வயரின் மேல் ஒரு கீறல் இருந்தது. மரநாய் கடித்ததாகவும் இருக்கலாம், ஓட்மாரின் ஸ்க்ரூடிரைவர் பட்டதாகவும் இருக்கலாம்.

"எப்ப ஆரம்பிச்சுது, எப்ப அதிகமாகுது, எப்ப குறையுதுன்னு என்கிட்ட கேட்க மாட்டியா?"

"எதுக்கு?"

"ஓட்டினது நான்ல?"

"கேட்டா நீ பதில் சொல்லிக்கிட்டே இருப்ப, ரோஸ்லே. எனக்கு வேலை இருக்கு."

வயரை மாற்றினான். காயிலைக் கழற்றிப் பார்க்கவில்லை; பல்லைக் கண்டபின் வேறு எதைப் பார்ப்பது? சாயங்காலம் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது எஞ்சின், கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. எலுமிச்சை வாசனை வேறு. சூட்டோடு ஓட்டிப் பார்த்தார்கள். பட்டுப் போல ஓடியது.

வியாழன் காலை மறுபடியும் இரண்டாவது வளைவு. மறுபடியும் மூன்று கால் மாடு. ரூவோஃப் மறுபடியும் போன்.

இந்தத் தடவை நிலையத்து மேலாளர் நேகெலே அம்மாள் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். வயது முப்பத்து நான்கு. நர்ஸ் அல்ல, நிர்வாகம் படித்தவள். மேசை மேல் ஒரு கள்ளிச்செடி வைத்திருந்தாள்; அதுவும் பிளாஸ்டிக்.

"ரோஸ்வித்தா மேடம், உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்," என்றாள்.

ஊசி குத்துவதற்கு முன் பஞ்சால் துடைக்கிற வார்த்தை இது. ரோஸ்வித்தா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை லேட்டானாலும் மேட்டு வீடுகளை நம்ம நர்ஸ் யானிக் கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன். அவர்கிட்ட புது கார் இருக்கு. நீங்க இங்க, என் பக்கத்துலயே, போன் பாத்துக்கலாம். சூடா இருக்கும். இந்த வார சனி ஞாயிறு உங்களுக்கு லீவு. திங்கக்கிழமை பாப்போம்."

யானிக் நல்ல பையன்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டுப் போடுவான். அதைக்கூட ரோஸ்வித்தா பொறுத்துக்கொள்வாள். நேகெலே அம்மாளின் பக்கத்தில், பிளாஸ்டிக் கள்ளிக்கு எதிரில், ஓய்வு பெறும் வரை உட்கார்ந்து, "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் அவளால் பொறுக்க முடியாது. மேலே பண்ணை வீடுகளில் அவளை அதிகாரம் செய்ய ஆளில்லை. அங்கே அவள்தான் அதிகாரம். அதை ஒரு சிலிண்டருக்காக விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு வெகு முன்பே கிளம்பினாள். நொண்டி நொண்டி ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ரூவோஃபுக்கு ஊசி போட்டுவிட்டு டீகல் கிழவி வீட்டுக்குப் போனாள். எண்பது தாண்டிய டீகலுக்குக் கணுக்காலில் ஆறாத புண். நாக்கில் மட்டும் எந்தக் கோளாறும் கிடையாது.

"வாடி சிஸ்டரு. உன் காரு வர்ற சத்தம் என் புருஷன் சாகுறதுக்கு முன்னாடி இருமின மாதிரியே இருக்கு."

"அவரு எதுல செத்தாரு?"

"ஏணியிலேர்ந்து விழுந்து. ஆனா இருமலும் இருந்துச்சு."

ரோஸ்வித்தா கட்டைப் பிரித்தாள். அவள் கட்டிய கட்டு அல்ல அது. புண்ணைச் சுற்றித் தோல், குளியல் தொட்டியில் வெகுநேரம் கிடந்த விரல் மாதிரி வெளுத்து ஊறிப் போயிருந்தது. போன வாரத்தைவிட மோசம்.

"ஹைடே!" என்று மருமகளைக் கூப்பிட்டாள். "இதை யாரு பிரிச்சது?"

"நான்தான் சிஸ்டர். தெனமும் சாயங்காலம் ஷவர்ல வச்சு, சோப்புப் போட்டு, நல்லா அலசி விடுறேன்."

"எதுக்கு?"

"அழுக்கா இருந்துச்சே!"

"அது அழுக்கு இல்ல, நான் வச்ச மருந்து. நீ தெனமும் ஊற வச்சா புண்ணு எப்படி ஆறும்? நான் வந்து காய வைக்கிறேன், நீ வந்து நனைக்கிற. நான் போனப்புறம்தான் இதுக்குச் சீக்கே வருது."

"சுத்தமா வச்சுக்கிறது தப்பா சிஸ்டர்?" ஹைடேவின் கண் கலங்கியது. இந்த ஊர்ப் பெண்ணிடம் அவள் பிள்ளையைத் திட்டலாம், சமையலைத் திட்டலாம். சுத்தத்தைத் திட்டினால் தாங்க மாட்டாள்.

ரோஸ்வித்தா பஞ்சைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். போன சனிக்கிழமை, அரசாங்கப் பரிசோதனைக்குத் தயார் செய்கிறேன் என்று ஓட்மார் காரை வாங்கிக்கொண்டு போனான். கழுவிக் கொடுத்தான். திங்கட்கிழமை விக்கல். செவ்வாய்க்கிழமை காய்ந்தபின் குறைந்தது. புதன்கிழமை மறுபடி கழுவினான். வியாழக்கிழமை மறுபடி விக்கல். டாக்டர் வந்துபோகும்போதெல்லாம் காய்ச்சல் ஏறுகிற நோயாளியை அவள் பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்ட இடத்தில் நோயாளியை விட்டுவிட்டு டாக்டரின் கையைத்தான் பார்க்க வேண்டும்.

"என்னடி, பக்கவாதமா?" என்றாள் டீகல்.

"இல்ல. காரைப் பத்தி நெனச்சேன்."

"என் காலைப் புடிச்சுக்கிட்டா?"

மதியம் அவள் கடைக்குள் காரை விட்டபோது, ஓட்மார் வேறொருவரின் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தண்ணியை நிறுத்து. மூணாவது காயிலைக் கழட்டு."

"வயர் மாத்தியாச்சே. ரெண்டாவது மரநாய் வந்திருக்கும். இப்பல்லாம் ஜோடியாத்தான் வருது."

"கழட்டு ஓட்மார்."

அவள் நோயாளிகளிடம் இந்தக் குரலில் பேசினால் துணியை அவிழ்த்துவிடுவார்கள். ஓட்மார் ஸ்பேனரை எடுத்தான். காயிலை மெதுவாக மேலே இழுத்தான். அதன் அடியில் ஒரு நீண்ட குழி. குழியின் ஆழத்தில் ஸ்பார்க் பிளக். டார்ச்சை அடித்துப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் தேங்கி நின்றது. பிளக்கின் தலையில் துரு.

ஓட்மார் நிமிர்ந்தான். காதை ஒரு தடவை சொறிந்தான்.

"மூத்திரம்," என்றான்.

"என்னது?"

"மரநாய் மூத்திரம். உள்ள வந்து பேஞ்சிருக்கு. சூடு இருக்குல்ல, அதுக்கு வசதி."

ரோஸ்வித்தா பையிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்தாள். குழிக்குள் விட்டுத் தண்ணீரை உறிஞ்சினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள்.

"இந்தா பாரு. நான் நாப்பது வருஷமா மூத்திரம் பாக்குறேன். சக்கரை மூத்திரம், சீழ் மூத்திரம், பீட்ரூட் தின்ன மூத்திரம், பாதிரியாரோட மூத்திரம் வரைக்கும் பாத்தாச்சு. எலுமிச்ச வாசனை அடிக்கிற மூத்திரம் இதுவரைக்கும் எவனும் பேஞ்சது கிடையாது." சிரிஞ்சை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு."

ஓட்மார் முகர்ந்தான். அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்த தன் எலுமிச்சை சோப்புக் கேன்களைப் பார்த்தான். எல்லாக் கேனும் பெயர் வெளியே தெரியும்படி ஒரே பக்கம் பார்த்து நின்றன.

"எஞ்சின் சூடா இருக்கும்போது ஒழுங்காத்தான் ஓடுச்சு," என்றான்.

"ராத்திரி குளிர்ந்ததும் ஈரம் ரப்பருக்குள்ள ஏறியிருக்கு. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி தண்ணி வழியா வெளிய ஓடிருச்சு. நீ கழுவுறதுக்கு முன்னாடி என் காருக்கு ஒரு சீக்கும் இல்ல."

அவன் காயிலின் ரப்பர் உறையைத் திருப்பிப் பார்த்தான். தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு, அதை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. பொறி பாய்ந்து பாய்ந்து தனக்கென்று பாதை போட்டுக்கொண்டுவிட்டது. இனி காய வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. புதிது வேண்டும். பட்டணத்துக்குப் போன் போட்டான். திங்கட்கிழமை மதியம்தான் வரும் என்றார்கள்.

"திங்கக்கிழமை மதியம் எனக்கு வேலையே இருக்காது," என்றாள் ரோஸ்வித்தா. நேகெலே அம்மாள் சொன்னதை நாலு வரியில் சொன்னாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஓட்மாருக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருப்பான்.

அவன் கையைத் துடைத்தான். துடைத்த துணியை மடித்தான். மடித்ததை இன்னொரு தடவை மடித்தான்.

"அந்த ரூவோஃபு," என்றான். "ஊசி லேட்டானா என்ன ஆகும்?"

ரோஸ்வித்தா அவனைப் பார்த்தாள். கல்யாணமான காலம் முழுக்க அவன் ஒரு நோயாளியின் பெயரை உச்சரித்ததில்லை.

"சக்கரை ஏறும். தலை சுத்தும். பசியில அந்தாளு அலமாரியத் தொறந்து ஜாமைத் தின்னுருவாரு. அப்புறம் ரெண்டு நாளு நான் அவரோட மல்லுக்கட்டணும்."

ஓட்மார் உள்ளே போய் ஒரு சாவியோடு வந்தான். அவனுடைய சொந்தக் காரின் சாவி. அந்தக் கார் கொட்டகையில் போர்வை போர்த்தி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் வெளியே வரும், அதுவும் மழை இல்லாவிட்டால். வாங்கி ஏழு வருஷம் ஆகியும் பின் இருக்கையில் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் இருந்தது.

"திங்கக்கிழமை இதை எடுத்துக்கோ."

"அங்க முற்றமெல்லாம் சாணி, ஓட்மார்."

"தெரியும்."

"டீகல் வீட்டு நாய் சன்னல்ல ஏறிப் பிராண்டும்."

"தெரியுங்கிறேன்ல."

"ஷூவைக் கழட்டிட்டு ஓட்டணுமா?"

அவன் சாவியை அவள் கையில் வைத்தான். "கிளட்சு கொஞ்சம் கெட்டியா இருக்கும். ஷூவோடயே மிதி," என்றான்.

திங்கட்கிழமை அந்தக் கார் மேட்டை வழுக்கிக்கொண்டு ஏறியது. தபால்காரரை இரண்டாவது வளைவிலேயே தாண்டினாள். தொப்பி போடாததால் கையை ஆட்டினாள். ரூவோஃப் இன்னும் பல்செட்டைக்கூட மாட்டியிருக்கவில்லை. "என்னது, இப்பவே வந்துட்டியா? மனுஷனைத் தூங்க விட மாட்டீங்களா?" என்று அதற்கும் நிலையத்துக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார். நேகெலே அம்மாள் அந்தப் புகாரைக் கேட்டுக்கொண்டு, எல்லா வீடுகளுக்கும் தானே போன் போட்டு நேரத்தை விசாரித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. டீகல் மட்டும் நேரத்தைச் சொல்வதற்கு முன், கூப்பிட்டவளுடைய அம்மா யார், எந்த ஊர், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டுவிட்டாள். மேட்டு வீடுகள் ரோஸ்வித்தாவிடமே இருக்கட்டும் என்று மதியம் செய்தி வந்தது. அதற்குப் பிறகு நேகெலே அம்மாள் டீகல் வீட்டுக்குப் போன் போட்டதே இல்லை.

சாயங்காலம் ரோஸ்வித்தா கடைக்குள் வந்தபோது அந்தக் காரின் நிறம் என்னவென்று தெரியவில்லை. சக்கரம் முதல் கதவுப் பிடி வரை சாணி. சன்னலில் நாயின் பாத அடையாளம். பின் இருக்கையில் ரூவோஃப் சமாதானத்துக்குக் கொடுத்த உருளைக்கிழங்கு மூட்டை, மண்ணோடு.

ஓட்மார் வாசலில் நின்றான். கண் காரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் வந்தது. வலது கை தானாகத் தண்ணீர்க் குழாயின் பக்கம் போனது. பாதியில் நின்றது.

"நேரத்துக்குப் போனியா?"

"போனேன்."

"அந்த வீடெல்லாம்?"

"என்கிட்டயேதான் இருக்கு."

"சரி," என்றான். அதற்கப்புறம்தான் குழாயைத் திறந்தான்.

அவளுடைய கார் ஓரமாக நின்றது. புதுக் காயில் போட்டாகிவிட்டது. ஓட்மார் அதைக் கழுவவில்லை. போன வாரத்துச் சேறு அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சாவியை நீட்டினான். ரோஸ்வித்தா ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். நான்கு சிலிண்டரும் சண்டையில்லாத குடும்பம் மாதிரி ஓடின.

"ரோஸ்லே!" தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்தினான் ஓட்மார். "இந்தக் கோலத்துல யாராச்சும் கேட்டா, எந்தக் கடையில ரிப்பேர் பண்ணினேன்னு மட்டும் சொல்லிடாத!"

"நேரா ரொட்டிக்கடைக்குத்தான் போறேன்," என்று சொல்லிவிட்டு அவள் கிளட்சை விட்டாள்.